ஏழு பேரின் தனி சர்வர்

“பக்கத்து வீட்டுக்காரன் எங்கள் போராட்டத்தைக் கொன்றுவிட்டான், ஆசானே” என்றார் தோழர் வேலப்பன்.

“யாரு அவன்?”

“தெரியாது.”

“எந்த ஊரு?”

“அதுவும் தெரியாது. அவனும் நாங்களும் ஒரே இயந்திரத்தில் குடியிருந்தோம்.”

எஸ்தர் ஆசான் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிறவரை அந்தப் பக்கத்தில் ஆசான் என்பார்கள். எஸ்தர் கட்டுப் போடுவது இணையதளங்களுக்கு. ஆனாலும் பேர் ஒட்டிக்கொண்டது. மலையடிவாரத்தில் அவருடைய ஓட்டு வீடு. கடைக்காரர்கள் வருவார்கள், பாதிரியார்கள் வருவார்கள், பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் வருவார்கள். எல்லோருக்கும் பதில் கிடைக்கும். பதில் புரிந்து திரும்பியவர்கள் குறைவு.

தன் மகள் வயதுக்காரியை ஆசானே என்று அழைப்பதில் வேலப்பனுக்கு வருத்தம் உண்டு. மாநிலத் தலைவர்களையே பேர் சொல்லி அழைத்தவர் அவர். ஆனால் போராட்டம் செத்துக் கிடக்கும்போது மானம் பார்க்க முடியாது.

“நடந்ததச் சொல்லுங்க” என்றார் எஸ்தர்.

வேலப்பன் வீட்டில் காப்பி கேட்டாலும் மேடைத் தமிழில்தான் கேட்பார். அதிலேயே சொன்னார்.

ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் விடியுமுன் எழுகிறவர்கள். வேலைநிறுத்த நாளில் எழுந்ததும் போனைப் பார்ப்பார்கள். வேலப்பனின் கூட்டமைப்பு இணையத்தில் வைத்திருக்கும் அறிவிப்புப் பக்கத்தில் ‘உண்டு’ என்றிருந்தால் கத்தியைத் தொட மாட்டார்கள். போன தடவை தோட்டத்து ஆட்கள் ஜீப்பில் மைக் கட்டி, வேலைநிறுத்தம் வாபஸ் என்று தெருத்தெருவாகப் பொய் சொல்லிக்கொண்டு போனார்கள். தொழிலாளர்கள் போனைப் பார்த்தார்கள். பக்கம் திறக்கவில்லை. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கிழக்கு வெளுத்தது. ஒருவன் கத்தியை எடுத்தான். அதைப் பார்த்து அடுத்தவன் எடுத்தான்.

“மரத்தில் ஒரு கத்தி பட்டால் போதும், ஆசானே. வேலைநிறுத்தம் முடிந்தது.”

“பக்கம் ஏன் திறக்கல?”

“அதே இயந்திரத்தில் ஒரு நகைக்கடையின் தளமும் இருந்திருக்கிறது. அன்றைக்கு அட்சய திருதியை. விடியுமுன் கடை திறந்தான். தங்கம் வாங்கப் போன கூட்டம் எங்களை மிதித்துக்கொண்டு போய்விட்டது.”

எஸ்தர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இனி ஒண்டுக்குடித்தனம் வேண்டாம். தனி சர்வர் எடுக்கப் போகிறோம். முழு இயந்திரமும் எங்களுக்கு. அடுத்த மாதம் மறுபடி வேலைநிறுத்தம். அன்றைக்கும் பக்கம் திறக்கவில்லையென்றால் இனி யாரும் எங்களை நம்பிக் கத்தியைக் கீழே வைக்க மாட்டார்கள்.” பையிலிருந்து விளம்பரத் தாள்களை எடுத்தார். “ஒரு கம்பெனியின் சர்வர் மும்பையில் இருக்கிறது. ஒன்று ஜெர்மனியில். மூன்றாமவன் எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்கிறான். எதை எடுக்கட்டும்?”

“எத்தனை தளம் வைப்பீங்க?”

“கூட்டமைப்பில் ஏழு அமைப்புகள். ஆளுக்கொரு தளம். அதுபோகப் பொதுவான அந்த அறிவிப்புப் பக்கம்.”

“எந்திரம் திணறினா, எது மொதல்ல விழணும்?”

“எதுவும் விழக் கூடாது.”

“திணறினா ஏதோ ஒண்ணு விழும்.”

“ஏழும் சமம், ஆசானே. அது எங்கள் கொள்கை.”

“எந்திரத்துக்குக் கொள்கை தெரியாது, அண்ணாச்சி.”

எஸ்தர் உள்ளே போய் ஒரு சாவியோடு வந்தார்.

“தெரு முக்குல எனக்க சித்தி வீடு சும்மா கிடக்கு. தனி வீடு. பக்கத்துல யாரும் கிடையாது. வியாழக்கிழமை உங்க ஏழு பேரும் அங்க வந்து சமைச்சுச் சாப்பிட்டுக் கூட்டம் போடுங்க. சர்வரப் பத்திப் பொறவு பேசலாம்.”

*

வியாழக்கிழமை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து மாலை வரை கரண்ட் கிடையாது. மோட்டார் ஓடாது. மொட்டைமாடித் தொட்டியில் இருக்கிற தண்ணீர்தான் தண்ணீர்.

இது எஸ்தருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும், செய்தித்தாளில் தங்கள் அறிக்கை வந்த பக்கத்தைத் தவிர வேறு பக்கமும் படித்திருந்தால்.

பெண்கள் அணிச் செயலாளர் லில்லிபாய் அரிசி களைவதற்காகக் குழாயைத் திறந்தார். குழாய் இருமியது. அவ்வளவுதான்.

“யாரு தண்ணிய முடிச்சது?”

“நான் ரெண்டு வாளிதான் எடுத்தேன்” என்றார் நாடகக் குழு டார்வின். அவருக்குப் பின்னால், கொடி கொள்ளாமல் போலீஸ் உடுப்புகள் சொட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் நாடகத்துப் போலீஸ்.

“எம்புட்டுப் பெரிய வாளிடே அது?”

“கலைக்கு அளவு பாக்கக் கூடாது அக்கா.”

“சோத்துக்குப் பாக்கணும்லா?”

பத்திரிகை ஆசிரியர் தாணப்பன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். “இந்த நெலம வரும்னு நான் தலையங்கத்துலயே எச்சரிச்சேன்.”

“எந்தத் தலையங்கத்துல?”

“அடுத்த மாசம் வருது.”

லாரி ஓட்டுநர் சங்கத்துச் சோபனராஜ் எதையும் எடுக்கவில்லை என்று அடித்துச் சொன்னார். வாசலில் அவருடைய லாரி பளபளவென்று நின்றது.

சட்ட உதவி மையக்காரர், தண்ணீர் மீது யாருக்கு உரிமை என்பதைப் பேசத் தொடங்கினார். படிப்பு வட்டத்துக்காரர், தண்ணீர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்.

முதலாளிக்கு ஒற்றுமை தேவையில்லை, பணம் போதும். பணம் இல்லாதவனுக்கு ஒற்றுமைதான் மூலதனம். அந்த மூலதனத்தை எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் கூட்டம் போட வேண்டியிருக்கிறது.

தண்ணீரை யார் முடித்தது என்று விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவுக்கு வேலப்பனே தலைவர். பசி வயிற்றைக் கிள்ளியதால் குழு விரைவாக வேலை செய்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்தக் கூட்டமைப்பில் அப்படி ஒன்று நடந்தது அன்றைக்குத்தான்.

வேலப்பன் தீர்மானத்தோடு எஸ்தர் வீட்டுக்கு நடந்தார்.

“எனக்குப் புரிந்துவிட்டது, ஆசானே.”

“என்ன புரிஞ்சது?”

“தொட்டி சின்னது. நமக்குப் பெரிய சர்வராக வேண்டும்.”

எஸ்தர் எழுந்து அடுப்படிக்குப் போனார். பிறகு அவித்த மரச்சீனிக் கிழங்கை ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினார்.

“எதை எடுக்கட்டும்?” என்றார் வேலப்பன்.

“எத எடுத்தாலும் ஒண்ணுதான். மொதல்ல சாப்பிடுங்க.”

*

ஜெர்மனியில் இருந்ததை எடுத்தார்கள்.

மும்பை பக்கம்தானே என்று லில்லிபாய் கேட்டுப் பார்த்தார். நம் தத்துவம் எங்கே பிறந்தது என்று வேலப்பன் திருப்பிக் கேட்டார். விவாதம் அத்தோடு முடிந்தது.

எஸ்தர் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார்.

“உங்கவுங்க தளத்துக்கு உங்கவுங்க சாவி. அத வச்சு உங்க அறையத் திறக்கலாம், மூடலாம். அடுத்தவன் அறையத் தொட முடியாது. இது போக, எந்திரம் முழுசுக்கும் ஒரு வாசல் சாவி உண்டு. அது இருந்தா யாரையும் வெளிய நிறுத்தலாம். அத யாருகிட்டக் குடுக்கட்டும்?”

ஏழு பேரும் மோட்டுவளையைப் பார்த்தார்கள்.

வாசல் சாவி என்பது வேறொன்றுமில்லை, நீளமான ஒரு கடவுச்சொல். அதை ஒருவரிடம் கொடுப்பது என்ற பேச்சே அந்த அறையில் எழவில்லை. கூட்டமைப்பின் உண்டியலில் ஏழு பூட்டுகள் தொங்கும். ஏழு அமைப்புகளும் ஆளுக்கொரு சாவி வைத்திருக்கும். ஏழு பேரும் கூடினால்தான் உண்டியல் திறக்கும். இது எங்கள் ஒற்றுமையின் அடையாளம் என்று மேடையில் சொல்வார்கள். எதன் அடையாளம் என்று பூட்டுகளுக்குத் தெரியும்.

“உண்டியல் முறையே சரி” என்றார் தாணப்பன்.

ஏழு பேரும் ஒவ்வொருவராக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடவுச்சொல்லின் ஒரு துண்டை அடித்தார்கள். ஒருவர் அடிக்கும்போது மற்ற ஆறு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஆசானையும் நிற்கச் சொன்னார்கள்.

“இப்பிடி வேண்டாம்” என்றார் எஸ்தர், சுவரைப் பார்த்தபடி.

“இதுதான் ஜனநாயகம்” என்றார் வேலப்பன்.

“ஒருத்தரு ஊருல இல்லேன்னா என்ன செய்வீங்க?”

“போராளி எப்போதும் மக்களோடுதான் இருப்பான்.”

அடுத்த வாரம் சாலை மறியலில் சோபனராஜைப் பிடித்துக்கொண்டு போய்க் கிளைச் சிறையில் வைத்தார்கள்.

*

வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் காலை. வேலப்பன் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

வட்டம் சுற்றியது.

தனி சர்வர். பெரிய சர்வர். தத்துவம் பிறந்த மண். வட்டம் சுற்றியது.

டார்வின் நாடகத்தை வீடியோ வீடியோவாகப் போட்டிருப்பான் என்று வேலப்பன் முடிவு செய்தார். அவனை வெளியே நிறுத்த வாசல் சாவி வேண்டும். ஏழு துண்டில் ஒன்று தன்னிடம் இருக்கிறது. மற்ற ஆறையும் திரட்டக் கிளம்பினார்.

“எனக்க தளத்த மூடுறதுக்கு எங்கிட்டயே துண்டு கேக்கியளா?” என்றார் டார்வின். “தூக்குல போடுறவன்கூடக் கயிறு அவனே கொண்டு வருவான், அண்ணாச்சி.”

தாணப்பன், துண்டைத் தருவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். டார்வினை மட்டும்தான் மூடுவோம், பத்திரிகையை மூட மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும்.

“மொதல்ல அந்தப் பத்திரிகைய மூடும்” என்றார் லில்லிபாய். “அதுல என்னப் பத்தி வந்த கட்டுரையப் படிச்சீரா? பொறவு எனக்க துண்டக் கேளும்.”

சட்ட உதவி மையக்காரர் ஏழு நாள் அவகாசம் கேட்டார். படிப்பு வட்டத்துக்காரர் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார்.

வேலப்பன் பஸ் ஏறிக் கிளைச் சிறைக்குப் போனார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சோபனராஜ் வந்து நின்றார்.

“உன் துண்டைச் சொல், தோழா.”

“சொல்ல மாட்டேன்.”

“நான் வேலப்பன்!”

“தெரியுது. வார்டன் கேட்டுக்கிட்டு நிக்கான். போலீசுகிட்டயே சொல்லாதவன், இங்க வச்சுச் சொல்லுவனா?”

“போலீஸ் உன்னிடம் அதைக் கேட்டானா?”

“கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லிருக்க மாட்டேன்.”

வார்டன் நேரம் முடிந்தது என்றார். போகும்போது சோபனராஜ் முஷ்டியை உயர்த்தினார். வேலப்பனும் வேறு வழியில்லாமல் உயர்த்தினார்.

*

திரும்பி வரப் பஸ் கிடைக்கவில்லை. எஸ்தர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

“கதவை உடையுங்கள், ஆசானே.”

“எந்தக் கதவ?”

“சர்வரின் கதவை. வாசல் சாவி இல்லாமலே திறக்க வழி இருக்குமே?”

“கம்பெனிக்காரன்கிட்ட எழுதிக் கேட்டாத் திறந்து தருவான். நாளை மறுநாள்.”

வேலப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆறு பேரையும் வெளியே தள்ள வேண்டும். நாளை ஒரே ஒரு நாள். சுயநலக்காரர்கள். ஒருவனுக்கு நாடகம், ஒருவனுக்குத் தலையங்கம். விடியுமுன் அந்த மனிதர்கள் எழுந்து போனைப் பார்ப்பார்கள். ஜீப்புக்காரன் பொய் சொல்லிக்கொண்டு வருவான். நாம் வட்டத்தைக் காட்டிக்கொண்டிருப்போம்.”

எஸ்தர் தண்ணீர் கொடுத்தார்.

“டார்வின் மத்தியானம் இங்க வந்தாரு” என்றார்.

“எதற்கு?”

“அவருக்க சாவியப் போட்டு அவருக்க தளத்த மூடிட்டுப் போனாரு. நாளைக்கு வேலைநிறுத்தம் முடிஞ்ச பொறவு திறப்பாராம். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் கேட்டாரு.”

“டார்வினா?”

“தாணப்பனுக்குத் தெரிஞ்சா எளக்காரம் பண்ணுவாராம். அவரு போனதும் தாணப்பன் வந்தாரு. பத்திரிகைய மூடினாரு. லில்லிபாய்க்குத் தெரிய வேண்டாம்னாரு.”

“லில்லிபாய்?” என்றார் வேலப்பன்.

“லில்லியக்கா அவருக்கு முந்தியே வந்து மூடிட்டாங்க. மத்த ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு வந்துட்டாங்க. நடையில நேருக்கு நேரா நின்னும், ஒருத்தர ஒருத்தர் பாக்காத மாதிரி நின்னாங்க. ஒருத்தரு மூடுற வரைக்கும் மத்தவரு சுவரப் பாத்தாரு.”

“சோபனராஜ்?”

“அவருக்க பெண்டாட்டி ஸ்கூட்டர்ல வந்தா. நீங்க வெளிய வந்த பொறவு சிறைக்குச் சோறு கொண்டு போயிருக்கா. வாசல் சாவித் துண்டச் சொல்லல. அறைச் சாவிய மட்டும் காதுல சொல்லி அனுப்பியிருக்காரு.”

வேலப்பன் போனை எடுத்து அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தார். வட்டம் சுற்றியது.

“ஆறு பேரும் மூடிவிட்டார்கள் என்றால், இது ஏன் இன்னும் சுற்றுகிறது?”

எஸ்தர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

திரையில் இருந்தது போராட்ட வரலாற்றுக் களஞ்சியம். வேலப்பன் இத்தனை வருடங்களாக எழுதிய துண்டறிக்கைகள் அத்தனையும் அதில் இருந்தன. அதுதான் கூட்டமைப்பின் ஏழாவது தளம், வேலப்பனுடையது.

“அதில் எழுத்து மட்டும்தானே இருக்கிறது” என்றார் வேலப்பன். “வீடியோ கிடையாது. பாட்டு கிடையாது.”

“எத்தனை பேரு படிக்காங்கன்னு தெரியுமா?”

அவ்வளவு களைப்பிலும் வேலப்பன் முகம் மலர்ந்தது.

“கேட்டால் நம்ப மாட்டீர்கள், ஆசானே. நாளுக்கு நாள் கூடுகிறது. லட்சக்கணக்கில் காட்டுகிறது. தாணப்பனின் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு கிடையாது. சிங்கப்பூர், அமெரிக்கா, பேர் தெரியாத நாடெல்லாம். ராத்திரி பகல் பார்க்காமல் படிக்கிறார்கள்.”

“ஆளு ராத்திரி தூங்கும், அண்ணாச்சி.”

“என்ன சொல்கிறீர்கள்?”

“படிக்கிறது ஆளு இல்ல. எந்திரம். பெரிய பெரிய கம்பெனிக்க எந்திரங்கள். ஊர் ஊராப் போய் எழுத்தை வாரிக்கிட்டு வரதுதான் அதுகளுக்கு வேலை. ஒரு தாளையே திரும்பத் திரும்ப எடுக்குதுக. எடுக்கிற வேகத்துல மத்த யாருக்கும் வழி கிடைக்கல.”

“எல்லாமே எந்திரமா?”

“ஒரு ஆளு உண்டு.”

வேலப்பன் நிமிர்ந்தார். “யார்?”

“இந்தப் பக்கத்து ஆளுதான். காலையில ஒருக்கா பாக்காரு. மத்தியானம் ஒருக்கா. சாப்பிட்டுட்டு ஒருக்கா.”

வேலப்பன் கையிலிருந்த தன் போனைப் பார்த்தார். அதை மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“அந்த எந்திரங்களை வாசலிலேயே தடுத்து நிறுத்த முடியாதா?”

“நிறுத்தலாம். அதுக்கு வாசல் சாவி வேணும்.”

வெளியே ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி ஒன்று தெருவைக் குலுக்கிக்கொண்டு போனது.

“என் வாழ்நாள் முழுவதும் அதில்தான் இருக்கிறது” என்றார் வேலப்பன். மேடைக் குரல் இல்லை.

“அழிக்கச் சொல்லல. கதவச் சாத்துங்க, போதும்.”

“ஒரு நாள்தானே?”

“ஒரு நாள்.”

வேலப்பன் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தார். ஒற்றை விரலால் தன் அறைச் சாவியை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். எஸ்தர் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

களஞ்சியம் மூடியது. அறிவிப்புப் பக்கம் திறந்தது. வேலைநிறுத்தம் உண்டு. அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் ஒரு சொல் இல்லை.

வேலப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆசானே, இந்தப் போராட்டம் எதற்கு, ஏன் என்றெல்லாம் களஞ்சியத்தில் விரிவாக எழுதியிருந்தேன். நாளைக் காலையில் ஒரு தொழிலாளி வந்து அதைத் தெரிந்துகொள்ள விரும்பினால்?”

“தோட்டத்து வாசல்ல நில்லுங்க” என்றார் எஸ்தர், சுவரைப் பார்த்தபடியே. “வாயால சொல்லுங்க.”